கணவாய்க் காற்றுக்கு எந்தக் கண்ணாடி? டூரிங் பைக் விண்ட்ஷீல்டும் மற்ற பொருத்துதல்களும்

கேரள – தமிழ்நாடு எல்லையில், பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோபாலபுரம் பக்கம் பைக் வைத்திருப்பவர்கள் விண்ட்ஷீல்டு வாங்கும் முன் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் சாலையைப் பார்க்க வேண்டும். காற்று நம்மை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விடுகிற இடம் பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இதற்குள் புகுந்து வேகமெடுத்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை பாய்கிறது. அங்கெல்லாம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். மார்கழி, தை மாதங்களில் திசை மாறிவிடும். கிழக்கிலிருந்து வறண்ட காற்று பாலக்காட்டுப் பக்கம் வீசும்.

இப்போது சாலைகள். வாளையாறு தாண்டிப் பாலக்காடு போகும் 544ஆம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ மேற்கு நோக்கிப் போகிறது. ஆடி மாதம் அதில் போனால் நேர் எதிர்க்காற்று, திரும்பி வந்தால் பின்காற்று. கோவை – பொள்ளாச்சி சாலையும் உடுமலை – பல்லடம் சாலையும் வடக்கு தெற்காகக் கிடக்கின்றன. அங்கே அதே காற்று விலாவில் அடிக்கும். விண்ட்ஷீல்டு பற்றிய ஆலோசனை பெரும்பாலும் எதிர்க்காற்றை மட்டும் மனதில் வைத்துச் சொல்லப்படுகிறது. நம் ஊருக்கு அது பாதி விடைதான்.

எதிர்க்காற்றின் கணக்கு எளிது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், உடம்பு சந்திப்பது 110 கிலோமீட்டர் காற்று. தடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350 போன்ற, 20 குதிரைத்திறன் உள்ள வண்டி அந்த நேரத்தில் ஐந்தாவது கியரில் திணறுவது இதனால்தான். வண்டியில் கோளாறு இல்லை. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செங்குத்தாக நிற்கும் பெரிய விண்ட்ஷீல்டு மாட்டினால் மைலேஜ் கூடும் என்று நினைத்துக் காசு போடாதீர்கள். நம் நெஞ்சில் விழும் பாரத்தை எடுத்து அது வண்டியின் முகத்தில் வைக்கிறது, அவ்வளவுதான். கிடைக்கும் லாபம் நம் கழுத்துக்கும் தோளுக்கும். அது சின்ன லாபம் இல்லை.

போட்டியில் இருப்பவை மூன்று. முதலாவது, முகவாய் வரை வரும் உயரமான டூரிங் விண்ட்ஷீல்டு. இரண்டாவது, வண்டியோடு வந்த சின்னக் கண்ணாடியை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் விளிம்பில் கவ்விப் பிடித்துக் காற்றைத் திருப்பிவிடும் சின்னத் தகடு, அதாவது டிஃப்ளெக்டர். மூன்றாவது, ஒன்றுமே மாட்டாமல் நெஞ்சில் காற்று வாங்கிக்கொண்டு போவது. மூன்றாவதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி இல்லாத வண்டியில் தலையைத் தொடுவது சுத்தமான, சீரான காற்று. கழுத்து அயரும், ஆனால் ஹெல்மெட் ஆடாது. மோசமான உயரத்தில் ஒரு கண்ணாடியை வைத்தால், அதன் மேல் விளிம்பைத் தாண்டி வரும் காற்று சுழல் சுழலாக உடைந்து நேராக ஹெல்மெட்டில் வந்து குத்தும். பார்வை நடுங்கும், காதுக்குள் இரைச்சல் மத்தளமாகும். சித்தூரில் எனக்கு வேலை செய்து தரும் மெக்கானிக் அண்ணன் இதை ஒரே வரியில் சொல்வார்: “காத்து கண்ணாடியில வந்து அடிக்கிறது பிரச்சனை இல்லீங்க, கண்ணாடிய விட்டுப் போற இடந்தானுங்க பிரச்சனை.”

அதனால் உயரத்தை விட, விளிம்பு எங்கே முடிகிறது என்பதே முக்கியம். அந்தச் சுழல் ஹெல்மெட்டுக்கு மேலே போக வேண்டும், அல்லது தோளுக்குக் கீழே அடங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே முகத்தில் விழுந்தால் எந்தக் கண்ணாடியும் தண்டம். 5 அடி 5 அங்குலம் உள்ளவருக்கு அருமையாக அமைந்த கண்ணாடி, 6 அடிக்காரருக்குத் தலைவலி கொடுக்கும். நண்பருக்கு நன்றாக இருக்கிறதே என்று அதே கண்ணாடியை வாங்குவது அதனால்தான் ஆபத்தான வழி.

இன்னொரு நுட்பம் உண்டு. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். சுற்றியுள்ள காற்று அந்த வெற்றிடத்தை நிரப்ப உள்ளே திரும்பும். முதுகுப் பக்கமிருந்து யாரோ தள்ளுவது போன்ற உணர்வு வருவது இதனால். கண்ணாடிக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே விரல் தடிமனுக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டால் கீழிருந்து காற்று ஏறி இந்தக் குறையைத் தணிக்கும். ஸ்க்ரூவுக்கு அடியில் சின்ன ஸ்பேசர் வைத்தே இதைச் செய்யலாம். புதுக் கண்ணாடி வாங்கும் முன் இந்தச் சில ரூபாய் வேலையைச் செய்து பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

சரி, பக்கக் காற்றுக்கு வருவோம். இங்கே கண்ணாடியின் அளவை விட அது எதில் பூட்டப்பட்டிருக்கிறது என்பது பெரிது. நின்ற இடத்தில் ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடியும் கூடவே திரும்பினால் அது ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைக் குழாய்களில் பூட்டியது. அசையாமல் நின்றால் சேஸிஸில், அதாவது வண்டியின் சட்டத்தில் பூட்டியது. பழைய ஹிமாலயன் 411இல் ஹெட்லைட்டும் கண்ணாடியும் சேஸிஸோடு நிற்கும். கிளாசிக் 350, மீட்டியர் 350 வகையில் கண்ணாடி ஹேண்டிலோடு திரும்பும். சேஸிஸ் கண்ணாடியில் பக்கக் காற்று அடித்தால் வண்டி மொத்தமாகச் சாயப் பார்க்கும். நாம் உடம்பால் சமாளிக்கலாம். ஃபோர்க் கண்ணாடியில் அடித்தால் காற்று நேரடியாக ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பும். உடுமலை – பல்லடம் சாலையில் ஒரு தென்னந்தோப்பு முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் இந்த வித்தியாசம் கையில் தெரியும். லாரி ஒன்று காற்றை மறைத்து, அதைத் தாண்டியதும் காற்று திரும்ப அறையும்போது இன்னும் நன்றாகத் தெரியும்.

என் தீர்ப்பு இது. கண்ணாடி ஹேண்டிலோடு திரும்பும் வண்டிக்கு உயரமான விண்ட்ஷீல்டு வேண்டாம். சின்னக் கண்ணாடியும் டிஃப்ளெக்டரும் போதும். சேஸிஸில் பூட்டிய வண்டிக்கு, அதுவும் நெடுஞ்சாலையில் நேராக ஓடும் பயணம் அதிகம் என்றால், உயரமான கண்ணாடி நல்ல முதலீடு. வடக்கு தெற்குச் சாலைகளிலேயே வாரம் முழுக்க ஓடுபவர்கள் அந்த வண்டியிலும் நடுத்தர உயரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டிஃப்ளெக்டருக்குச் சாதகமாக இன்னொரு காரணமும் இருக்கிறது: அதைச் சாய்க்கலாம், ஏற்றலாம், இறக்கலாம், கழற்றிப் பையில் போடலாம். ஆனியில் வாளையாறு வழியே திருச்சூர் போகும்போது ஏற்றி வைக்கலாம். வெயில் காலத்தில் கழற்றிவிட்டால் நெஞ்சுக்குக் காற்று கிடைக்கும். பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயிலில் உயரமான கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் இன்ஜின் சூடு மேலே ஏறி, காற்றும் இல்லாமல் வெந்துவிடும். இந்தக் குறையைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். டிஃப்ளெக்டரின் பலவீனம் அதன் கிளாம்ப். ரப்பர் பட்டை தேய்ந்தால் அதிர்வில் நழுவும், கண்ணாடியில் கோடு விழும். அடியில் உள்ள கண்ணாடியே மெல்லியதாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஆடும்.

உயரத்தில் ஒரு வரம்பை மட்டும் யாரும் மீற வேண்டாம். கண்ணாடியின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சாலையைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்க வேண்டும், கண்ணாடி வழியாக அல்ல. கேரளத்தின் ஜூன் மழையில், இரவில், எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் நனைந்த பிளாஸ்டிக்கில் பட்டுச் சிதறினால் சாலையே காணாமல் போகும். இதற்கு வைப்பர் கிடையாது. கறுப்பு நிறக் கண்ணாடி அழகுதான், ஆனால் அதன் வழியாகப் பார்க்கும் உயரத்தில் வாங்காதீர்கள். திருச்சூர் போகும் வழியில் உள்ள குதிரான் சுரங்கப்பாதைக்குள் வெயிலிலிருந்து நுழையும் அந்த விநாடியில் நிறமில்லாத கண்ணாடியே உதவும்.

எதனால் செய்தது என்றும் கேளுங்கள். பாலிகார்பனேட் அடிபட்டால் உடையாது, வளையும். ஆனால் எளிதாகக் கீறல் விழும். அக்ரிலிக் தெளிவாக இருக்கும், கீறல் குறைவு. விழுந்தால் விரிசல் விட்டு முனை கூராக உடையும். டூரிங்குக்கு நான் பாலிகார்பனேட்டைத்தான் சொல்வேன். பெட்ரோல், பிரேக் ஆயில், செயின் ஸ்ப்ரே, அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் அதில் படக் கூடாது. ஸ்க்ரூ கழன்று போகாமலிருக்க ஊற்றும் லாக்கர் திரவம் பட்டால்கூட ஓட்டையைச் சுற்றி மெல்லிய வெடிப்புகள் வரும். தண்ணீரும் கொஞ்சம் ஷாம்பூவும் பருத்தித் துணியும் போதும்.

ஹேண்டில்பாரில் விரல்களுக்கு முன்னால் நிற்கும் தடுப்பான ஹேண்ட் கார்டு விஷயத்தில் ஒப்பீடே தேவையில்லை, மாட்டிவிடுங்கள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை போகும்போது மழையும் குளிரும் முதலில் விரலைத்தான் மரக்க வைக்கும். மரத்த விரலால் பிரேக்கை அளந்து பிடிக்க முடியாது. உள்ளே அலுமினியப் பட்டை ஓடி ஹேண்டில் முனையிலும் பூட்டும் வகை, வண்டி விழுந்தால் லீவரையும் காப்பாற்றும். வெறும் பிளாஸ்டிக் வகை காற்றை மட்டும் தடுக்கும். முனையில் பூட்டும்போது அங்கே அதிர்வைக் குறைக்க வைத்திருக்கும் பார் எண்ட் எடையை எடுத்துவிட்டால் அதிர்வு கூடும், அதைக் கவனிக்க வேண்டும். பஜாஜ் டொமினார் 400இல் 2021 அக்டோபர் முதல் உயரமான விண்ட்ஷீல்டு, ஹேண்ட் கார்டு, கேரியர், லெக் கார்டு எல்லாம் கம்பெனியே மாட்டித் தந்தது. டூரிங்குக்கென்றே வண்டி தேடுபவர்கள் இப்படி மொத்தமாக வருவதன் விலையை, தனித்தனியாக வாங்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் சாமான். டாப் பாக்ஸா, பக்கப் பையா? ஊருக்குள் டாப் பாக்ஸ் மாதிரி வசதி இல்லை: பூட்டலாம், மழைக்குப் பயமில்லை, ஹெல்மெட்டை வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போகலாம். ஆனால் அது பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் உட்கார்கிறது. அதில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தின் பிடியைக் கொஞ்சம் குறைக்கிறது. அதோடு அது ஒரு பாய்மரம். பக்கக் காற்று நாளில் கனமான டாப் பாக்ஸும் உயரமான ஃபோர்க் கண்ணாடியும் சேர்ந்த வண்டியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முன்னால் காற்று ஹேண்டிலைத் திருப்ப, பின்னால் எடை வாலை ஆட்டும். பெட்டியின் அடிப்பலகையில் எழுதியிருக்கும் எடை வரம்பைப் படியுங்கள், கேரியரின் வரம்பையும் படியுங்கள், இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

பக்கப் பையில், அதாவது சேடில் பேக்கில், எடை தாழ்வாக, அச்சுக்குப் பக்கத்தில் நிற்கும். பக்கக் காற்றுக்கு அதுவே உகந்தது. டூல்ஸ், டியூப், தண்ணீர் போன்ற கனமானவற்றை அதிலும், ரெயின் கோட், துணி போன்ற லேசானவற்றை மேலேயும் வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடலாம். மழைக்குத் தனி உறை போடும் பையை விட, வாயைச் சுருட்டிக் கட்டும் வகை நம்பகமானது. காற்றில் உறை பறந்துவிடும். சைலன்ஸர் பக்கம் ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பைக்கான கம்பிச் சட்டத்தை மாட்டும்போது சில கடைகளில் சேலை கார்டைக் கழற்றிவிடுகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடியையும் சக்கரத்தை மூடும் இந்தத் தடுப்பையும் கட்டாயமாக்குகிறது. மாநில எல்லை தாண்டி அடிக்கடி போகும் நமக்கு அபராதம் ஒரு பக்கம். பின்னால் அம்மாவோ மனைவியோ புடவையில் உட்காருவார்கள் என்பது அதை விடப் பெரிய காரணம். கழற்றாமல் பூட்டும் சட்டம் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

ஃபாக் லைட்டை ரிலே, ஃபியூஸ் இல்லாமல் ஹெட்லைட் வயரில் ஒட்டுப் போடவே கூடாது. நெல்லியாம்பதி மூடுபனியில் உதவுவது அதிகப் பிரகாசம் இல்லை. தாழ்வாகப் பூட்டி, கீழ்நோக்கிச் சாய்த்த வெளிச்சம். காதுக்கு இயர் பிளக் எந்த விண்ட்ஷீல்டை விடவும் மலிவானது. 85 டெசிபலுக்கு மேல் மணிக்கணக்கில் கேட்டால் செவித்திறன் குறையும். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் இரைச்சல் அதைத் தாண்டிவிடும்.

காசு போடும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. காற்று இல்லாத விடிகாலையில், வண்டி வராத நேரான சாலையில், 60 கிலோமீட்டர் வேகத்தில் இடது கையை விரித்து நெஞ்சுக்கு முன்னால் வைத்து மெல்ல மேலே தூக்குங்கள். ஓரிடத்தில் கை அமைதியிலிருந்து திடீரென்று படபடக்கும். அதற்கு மேலே காற்று சீராகத் தள்ளும். படபடக்கும் அந்த உயரம் முகத்துக்கு நேராக இருந்தால், எத்தனை அங்குலம் ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பிறகு ஒரு கோப்பு அட்டையை அந்த அளவுக்கு வெட்டி, கண்ணாடியின் விளிம்பில் டேப்பால் ஒட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். அட்டையில் சரியாக வந்த அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.