வினோதப் படங்களைத் தேடுபவருக்கு: தியேட்டரா, டேப்பா, டிஸ்க்கா?

1970 டிசம்பரில் நியூயார்க்கின் எல்ஜின் தியேட்டரில் இயக்குநர் ஜோடரோவ்ஸ்கியின் ‘எல் டோபோ’ நள்ளிரவுக் காட்சியாக ஓடத் தொடங்கியது. பெரிய விளம்பரம் கிடையாது. பார்த்தவர்கள் வாய்வழியே சொல்லிச் சொல்லி மாதக்கணக்கில் கூட்டம் சேர்ந்தது. பிறகு உரிமையை வைத்திருந்த ஆலன் கிளைனுக்கும் இயக்குநருக்கும் முட்டிக்கொண்டது. ஏறத்தாழ முப்பது வருடம் படம் முறையான வழியில் கிடைக்கவில்லை. அந்தக் காலம் முழுக்க அதை உயிரோடு வைத்திருந்தவை கைமாறிக்கொண்டே இருந்த கள்ள டேப்புகள். 2007இல்தான் அமெரிக்காவில் முறையான டிவிடி வந்தது.

அறிமுகப்படுத்தியது தியேட்டர், காப்பாற்றியது டேப், சரியான உருவத்தில் திருப்பிக் கொடுத்தது டிஸ்க். இப்போது தேடத் தொடங்குபவர் எந்தப் படத்துக்கு எதை முதலில் நாடுவது என்று பார்ப்போம்.

தியேட்டரின் பெரிய பலம், தேர்வு நம் கையில் இல்லாதது. நமக்குப் பிடிக்கும் என்று நாமே நினைக்காத படத்தை வேறொருவர் தேர்ந்து முன்னால் வைக்கிறார். பாதியில் நிறுத்தவும் முடியாது. டேவிட் லிஞ்சின் ‘எரேசர்ஹெட்’ (1977) படத்துக்கு இது ரொம்பவே முக்கியம். படம் நெடுக அடியில் ஓடும் இரைச்சலை லிஞ்சும் ஒலி வடிவமைப்பாளர் ஆலன் ஸ்ப்ளெட்டும் மெனக்கெட்டு உருவாக்கினார்கள். டிவியோடு வரும் சின்ன ஸ்பீக்கரில் அந்த அடித்தொனி வரவே வராது; பாதிப் படம் அங்கேயே போய்விடும். வீட்டில்தான் பார்க்க வேண்டுமென்றால் நல்ல ஹெட்போனைப் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ஒபயாஷியின் ‘ஹவுஸ்’ வேறு ரகம். 1977இல் ஜப்பானில் வெளியான படம், 2010 வாக்கில்தான் அமெரிக்கத் தியேட்டர்களைச் சுற்றி வந்தது. தனியாகப் பார்த்தால் குழம்பவைக்கும் இடங்களில் கூட்டத்தோடு பார்க்கும்போது சிரிப்பும் கூச்சலுமாக ஒரு தாளம் பிடிபடும். அதே ஆண்டு டிஸ்க்கும் வந்தது. இரண்டும் கிடைக்குமானால் தியேட்டருக்குத்தான் என் ஓட்டு.

தியேட்டரில் கெடுவது பிரிண்ட். 1980களின் தொடக்கம் வரை பயன்பட்ட ஈஸ்ட்மன் கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும், மிஞ்சுவது இளஞ்சிவப்பு. 35 மி.மீ. என்று விளம்பரத்தில் கண்டதும் ஓடாமல், பிரிண்டின் நிறம் எப்படி இருக்கிறது, எந்த ஆண்டு பிரிண்ட் என்று விசாரியுங்கள். நல்ல தியேட்டர்கள் ஒளிக்காமல் சொல்லும். 2000 அடி ரீல் ஒன்று 22 நிமிடம் ஓடும்; அதிகம் ஓடிய பிரிண்டில் ஒவ்வொரு ரீலின் தொடக்கத்திலும் முடிவிலும் கீறலும், ஒட்டுப்போட்டதில் காணாமல்போன ஃபிரேம்களும் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நிறம் போயிருந்தால் மட்டும் டிஸ்க்குக்கு மாறுங்கள்.

விஎச்எஸ் டேப்பைப் படத்தரத்துக்காக யாரும் வாங்க வேண்டாம். கிடைமட்டத் துல்லியம் சுமார் 240 வரிதான். 2.35 விகிதத்தில் எடுத்த அகலப்படத்தைப் பழைய டிவித் திரை நிறைய வரும்படி வெட்டினால் 43 சதவீதம் வெளியே போய்விடும். மேக்ரோவிஷன் என்ற நகல் தடுப்பு உள்ள டேப்பை நகலெடுத்தால் பதிவுசெய்யும் விசிஆர் குழம்பி, படம் இருண்டும் வெளுத்தும் மாறிக்கொண்டே இருக்கும்; கள்ள டேப்புகளில் அடிக்கடி காண்பது இதைத்தான். அமெரிக்க டேப் என்டிஎஸ்சி (NTSC) என்ற டிவி முறையில் இருக்கும், நம்முடையது பால் (PAL). இரண்டையும் ஏற்கும் விசிஆர் வேண்டும். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே உள்ளே போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் டேப்பையும் கெடுக்கும்.

இருந்தும் ஒரு வகைப் படங்களுக்கு டேப்தான் தாய்வீடு: 1980களில் வீடியோ கேமராவிலேயே எடுத்து நேராகக் கடைக்கு வந்த திகில் படங்கள். அவற்றுக்கு நெகட்டிவே கிடையாது. பல இன்னும் டிஸ்க்குக்கு வரவில்லை. அவற்றைத் தேட, சியாட்டிலின் ஸ்கேர்குரோ வீடியோ போன்ற பெரிய வாடகைக் கடைகளின் பட்டியலே நல்ல வழிகாட்டி.

டிஸ்க்குக்கு வருவோம். பழைய படங்களைத் தேடிப்பிடித்துச் செப்பனிடும் சிறு நிறுவனங்கள் (வினிகர் சிண்ட்ரோம், செவரின், ஆரோ) கேமரா நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்யும்போது, இளஞ்சிவப்பாகிவிட்ட படத்துக்கும் உரிய நிறம் திரும்புகிறது. ஆனால் அட்டையில் ‘4கே’ என்று இருந்தாலே போதாது. நான்கு விஷயங்களைப் பாருங்கள். ஸ்கேன் நெகட்டிவிலிருந்தா, பிரிண்டிலிருந்தா? ஃபிலிமுக்கே உரிய மணல்துகள் போன்ற புள்ளிகள் (கிரெய்ன்) அப்படியே இருக்கிறதா, அல்லது வழித்தெடுத்து முகங்களை மெழுகாக்கிவிட்டார்களா? மூல மோனோ ஒலித்தடம் உண்டா? புதிய 5.1 (பல ஸ்பீக்கர்) ஒலிக்கலவையில் சில சமயம் சத்தங்களையே மாற்றிவிடுவார்கள். நான்காவது சப்டைட்டில்: இத்தாலிய, ஜப்பானியப் படங்களில் மூல வசனத்துக்குப் பதில் ஆங்கில டப்பிங் வசனத்தை எழுத்தாக்கிப் போட்டிருந்தால், திரையில் பேசுவது ஒன்று, நீங்கள் படிப்பது வேறொன்று.

பழைய பால் டிவிடிகளில் இன்னொரு சிக்கல். நொடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25இல் ஓட்டுவதால் 100 நிமிடப் படம் 96இல் முடியும். பெரும்பாலும் குரலும் சற்று உயரும். இசைக்காகத் தேடும் படமென்றால் ப்ளூரே வாங்குங்கள்.

இந்தியாவில் வாங்குபவர் தடுக்கி விழுவது மண்டலக் குறியில், அதாவது டிஸ்க் எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்று பூட்டிவைக்கும் குறியில். டிவிடிக்கு நாம் 5, ப்ளூரேக்கு சி. அமெரிக்க ப்ளூரே ஏ, பிரிட்டன் பி. பல டிவிடி பிளேயர்களில் ரிமோட்டிலேயே பூட்டைத் திறக்கலாம். ப்ளூரே பிளேயரில் பெரும்பாலும் உள்ளே வன்பொருளை மாற்றியாக வேண்டும். கணினி டிரைவில் டிவிடி மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும். அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியனின் ப்ளூரேக்கள் பெரும்பாலும் ஏ-யில் பூட்டியவை. வினிகர் சிண்ட்ரோம் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எங்கும் ஓடும். 4கே யுஎச்டி டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டே கிடையாது, ஆனால் கூடவே வரும் ப்ளூரே பூட்டியிருக்கலாம்.

தியேட்டர் அனுபவத்துக்கு நமக்கு அருகில் இருப்பவை திரைப்பட விழாக்கள். டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடப்பது இதில் முக்கியமானது. விழாக்களுக்குத் தணிக்கைச் சான்றிதழிலிருந்து பெரும்பாலும் விலக்கு கிடைப்பதால் வெட்டில்லாத வடிவத்தைப் பார்க்கலாம். பட்டியல் வந்ததும் டிஸ்க்கில் கிடைக்கும் படங்களை அடித்துவிட்டு, எங்கும் வெளிவராதவற்றுக்கு முதலில் இருக்கை பிடியுங்கள். டிஸ்க் வாங்குவதையும் அதிகம் தள்ளிப்போடாதீர்கள்: உரிம ஒப்பந்தம் முடிந்ததும் பதிப்பு நின்றுவிடும், பிறகு பழைய பிரதிக்கே இரட்டை விலை கேட்பார்கள்.