தருமபுரி ஆஸ்பத்திரிக்கு அப்பாவைக் கூட்டிப்போக: டவுன் பஸ்ஸா, வாடகைக் காரா, பழகின ஆட்டோவா?

நடக்கச் சிரமப்படும் பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். போவதற்கு எப்படியும் ஒரு வண்டி கிடைத்துவிடும். திரும்பி வர என்ன வழி என்பதை வைத்து முடிவெடுங்கள்.

எங்கள் ஊர் நல்லம்பள்ளி பக்கம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் பலவீனமான பிறகு டவுன் பஸ், வாடகைக் கார், ஆட்டோ மூன்றிலும் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டோம். இப்போது பழகின ஓர் ஆட்டோக்காரரோடு நிலைத்துவிட்டோம்.

செலவு என்று பார்த்தால் பஸ்ஸோடு எதுவும் போட்டி போட முடியாது. அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிக்கும் அவரோடு வரும் துணையாளர் ஒருவருக்கும் அப்படியே. ஆக அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் காசில்லாமல் போய்வரலாம். தடை அந்த முதல் படிதான். எங்கள் தடத்தில் ஓடும் வண்டிகளில் அது முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது. ஊன்றுகோலோடு ஏறக்கூடியவர், கண்பார்வை குறைந்து கைபிடித்து நடப்பவர் என்றால் பஸ் தாராளமாகப் போதும். அப்பா மாதிரி ஒரு கால் தூக்க வராதவர் ஏறி முடிப்பதற்குள் பின்னால் இருப்பவர்கள் பொறுமை இழந்துவிடுகிறார்கள். கண்டக்டர் எத்தனை நல்லவராக இருந்தாலும் அவருக்கு நேரக் கணக்கு இருக்கிறது.

வாடகைக் காரில் முதலில் பார்க்க வேண்டியது சீட்டின் உயரம். தாழ்வான செடான் கார்களில் உட்காருவது சுலபம், எழுவது கஷ்டம். பொலிரோ மாதிரி உயரமான வண்டியில் ஏறுவதே கஷ்டம். வேகன்ஆர் மாதிரி நிமிர்ந்த கார்தான் இரண்டுக்கும் நடுவே சரியாக வருகிறது. ஏறும்போது காலை முதலில் உள்ளே வைக்கச் சொல்லாதீர்கள். முதுகைக் காட்டி உட்காரவைத்து, தலையைக் குனியவைத்து, அப்புறம் இரண்டு கால்களையும் உள்ளே திருப்ப வேண்டும். சீட்டில் ஒரு பாலிதீன் கவரை விரித்துவிட்டால் உடம்பு வழுக்கிக்கொண்டு திரும்பும். மடக்கு சக்கர நாற்காலி கொண்டுபோவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேஸில் ஓடும் பல டாக்ஸிகளின் டிக்கியில் சிலிண்டர் இருக்கும், நாற்காலிக்கு இடம் இருக்காது.

இனி திரும்பும் நேரத்துக்கு வருவோம். ஓ.பி. சீட்டு, டாக்டர், ரத்தப் பரிசோதனை, மாத்திரை வாங்கும் வரிசை என்று எல்லாம் முடிய பதினொன்றும் ஆகலாம், ஒன்றரையும் ஆகலாம். காலையில் ஏறிய மனிதர் வேறு, மதியம் திரும்புபவர் வேறு. காலையில் கைத்தாங்கலாகப் படியேறியவருக்கு, பல மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, நேரத்துக்குச் சாப்பிடாமல், வெயிலில் வெளியே வரும்போது அந்தக் கால் தரையில் இழுபடுகிறது. அதனால் ஒரு வண்டி ஒத்துவருமா என்பதை மதியத்து உடம்பை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இந்தக் கணக்கில் பஸ் அடிபட்டுப்போகிறது. நிறுத்தம்வரை நடந்து, நின்று, கூட்டத்தில் ஏற மதியம் தெம்பு இருக்காது. காரை நிறுத்திவைத்தால் வெயிட்டிங் சார்ஜ் ஏறிக்கொண்டே போகும். அனுப்பிவிட்டால் மதியம் வேறு கார், வேறு டிரைவர். அவசரத்துக்கு 108 இலவசமாக வந்து கொண்டுபோய்ச் சேர்க்கும், அதற்கு ஈடே கிடையாது. ஆனால் டாக்டர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னால் திரும்பிக் கொண்டுவந்து விடுவது அதன் வேலை அல்ல. நடுராத்திரியில் அப்படி நிற்க நேர்ந்தால் கையில் இருக்கும் ஒரு டிரைவரின் நம்பர்தான் கைகொடுக்கும்.

எங்கள் ஆட்டோக்காரர் காலையில் வாசலில் இறக்கிவிட்டு டவுனுக்குள் வேறு சவாரி பார்க்கப் போய்விடுவார். மாத்திரை வரிசையில் நிற்கும்போது நான் போன் போடுவேன். மாத்திரை கைக்கு வருவதற்குள் பெரும்பாலும் வந்துவிடுவார். போகவர 500 ரூபாய் என்று பேசிவைத்திருக்கிறோம், காத்திருப்புக்குத் தனியாக இல்லை. இதைவிடப் பெரிய விஷயம், அவருக்கு அப்பாவின் உடம்பு தெரியும். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே சொல்லியிருந்தார். புது ஆள் உதவுகிறேன் என்று வந்தால் முதலில் பிடிப்பது அந்த இடது கையைத்தான். ஒவ்வொரு தடவையும் பதறிப்போய்த் தடுக்க வேண்டும். இவர் இடுப்பில் கைகொடுத்துத் தாங்குவார், அப்பா தானாகக் காலைத் தூக்கும்வரை பொறுத்திருப்பார். அந்தப் பொறுமைக்காக இன்னும் நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

ஆட்டோவிலும் குறை உண்டு. வேகத்தடையில் குலுக்கல் நேராக இடுப்பில் ஏறும். முதுகெலும்பு அறுவை செய்தவர்களுக்கும் எலும்பு முறிவுக்காரர்களுக்கும் நான் இதைச் சொல்லமாட்டேன். மழைக்குப் பக்கத்துத் திரை போதாது. ஏறும் பக்கம் இடது என்பதால் அப்பாவை வலது ஓரத்துக்கு நகர்த்தி, அம்மா அவருக்கு இடப்பக்கம் அணைகொடுத்து உட்காருவார். இன்னொன்று, பல ஆட்டோக்காரர்களுக்குக் காலையும் மாலையும் பள்ளிக்கூடச் சவாரி இருக்கும். ஒன்பது மணிக்குப் பிறகு கிளம்பி மூன்றரைக்குள் திரும்புவதாக வைத்துக்கொண்டால் தகராறு இல்லை. அவர் ஊரில் இல்லாத நாளுக்கு இன்னொருவரையும் பழக்கிவைப்பது நல்லது.

சேலத்துக்குப் பெரிய டாக்டரைப் பார்க்கப் போவதென்றால் கார்தான். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் நோயாளியோடு போக மனம் வராது. நீண்ட தூரத்தில் எங்களுக்கு அனுபவம் குறைவு என்பதால் எந்தக் கார், எவ்வளவு வாடகை என்று அடித்துச் சொல்லமாட்டேன். சக்கர நாற்காலியை விட்டு எழவே முடியாதவர்கள் விஷயமும் அப்படித்தான். இழுகதவு வைத்த ஈகோ வேன் தூக்கி உட்காரவைக்க வசதி என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், நாங்கள் அதில் போனதில்லை. கை வலுவாக இருக்கும் இளவயது மாற்றுத்திறனாளிக்கு அரசு தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரைவிட வேறெதுவும் ஒத்துவராது. போவதும் வருவதும் அவர் கையில்.

எல்லாவற்றுக்கும் முன்னால், போகவேண்டிய நடைகளையே குறைக்கப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கப்பட்டதே நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் அதில் உண்டு. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் மாத்திரைக்காக மட்டும் ஆட்டோ பிடிக்கும் நாட்கள் மிச்சமாகும்.

அப்புறம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. வயதாகி வந்த நோய்தானே என்று பல வீடுகளில் விண்ணப்பிப்பதே இல்லை. பக்கவாதத்தால் கைகால் முடங்கியதும் ஊனக் கணக்கில் வரும், 40 சதவீதம் இருந்தால் சான்றிதழ் உண்டு. ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியபோதும், துணையில்லாமல் பயணிக்க முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகை தொடர்ந்தது. சான்றிதழுக்கு டாக்டர்கள் நேரில் பார்க்க வேண்டும். மறுபரிசோதனைக்குப் போகும் நாளும் அதுவும் ஒன்றாக அமையுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.