முழங்காலைத் தொட்டுப் பார்க்காமலே எம்.ஆர்.ஐ.: சுங்கை சிப்புட் மக்கள் கவனத்திற்கு

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருக்கிற எல்லாருக்கும் இது போய்ச் சேர வேண்டும். கோயில் மண்டபத்தில் "இலவச மூட்டுப் பரிசோதனை" என்று முகாம் போடுகிறார்கள். அங்கே கொடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சலுகைச் சீட்டை வாங்கிக்கொண்டு உடனே ஈப்போவுக்குக் கிளம்பிவிடாதீர்கள். நாங்கள் கிளம்பினோம். 1,350 வெள்ளி (ரிங்கிட்) போனது. அதைவிட, அம்மாவின் தைரியம் போனது.

அம்மாவுக்கு 56 வயது. பதினெட்டு வயதில் பால்மரம் சீவப் போனவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு உதிரிப் பழம் பொறுக்குகிறார். குலை விழுந்த இடத்தில் சிதறிக் கிடக்கும் பழங்களைக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கூட்டி அள்ள வேண்டும். சாக்கில் போட்டு எழுந்து, அடுத்த மரத்தடியில் மறுபடி உட்கார வேண்டும். காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததிலிருந்து மதியம் வரை இதேதான். தைப்பூசத்துக்குப் பிறகு வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. வீட்டுப் படி இறங்கும்போது வலிக்கும். பஸ்ஸில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தாலும் வலிக்கும். "முட்டிச் சில்லுக்குப் பின்னால கல்லை வச்சி அரைக்கிற மாதிரி இருக்கு" என்பார். கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்.

முகாமில் வெள்ளை மேலங்கி போட்ட ஓர் இளைஞர் இருந்தார். அவர் டாக்டர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மாவை நடக்கச் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவில்லை. "ஆன்ட்டி, உள்ள என்ன இருக்குன்னு எம்.ஆர்.ஐ. எடுத்தாத்தான் தெரியும். இந்த மாசம் மட்டும்தான் பாதி விலை" என்றார். பாதி விலை 850 வெள்ளி.

ஈப்போவில் அந்தத் தனியார் மையத்தில், இயந்திரத்துக்குள் போகும் முன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். அது சரியான விதிதான், உள்ளே இருப்பது பெரிய காந்தம். அம்மா தாலிக்கொடியைக் கழற்றினார். கல்யாணமானதிலிருந்து கழுத்தைவிட்டு இறங்காத கொடி. கைக்குட்டையில் முடிந்து என் கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டுத்தான் உள்ளே போனார். அரை மணி நேரம் அந்த முடிச்சைப் பிடித்தபடியே வெளியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் டாக்டர் அறை. ஐந்து நிமிடம்கூட இருக்காது. அவர் பார்த்தது முழுவதும் கணினித் திரையை. அம்மா சுடிதார் போட்டிருந்தார், அதன் காலை முழங்காலுக்கு மேல் தூக்கச் சொல்லக்கூட இல்லை. "முட்டி எலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு கிழிஞ்சிருக்கு. துளை போட்டு ஆபரேஷன் பண்ணலாம், இல்லாட்டி ஊசி. ஐந்து ஊசிக்கு 4,500 வெள்ளி. இன்னைக்கே 500 கட்டினா விலை ஏறாது." என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பயந்துபோய்ப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாறிப்போனார். கிழிந்த ஜவ்வு இன்னும் கிழிந்துவிடும் என்று சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். வேலையை நிறுத்தினார். சாமியறையில் உட்காருவதையும் விட்டார். ஊசிக் காசுக்காக வளையலை அடகுக் கடைக்குக் கொண்டுபோகச் சொல்லி எடுத்துக் கொடுத்த அன்றுதான், எதற்கும் இன்னொருவரிடம் காட்டுவோம் என்று எனக்குத் தோன்றியது.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போனோம். கட்டணம் 1 வெள்ளி. மலாய்க்கார டாக்டர், சின்னப் பெண். நான் ஸ்கேன் உறையை நீட்டினேன். வாங்கி மேசையில் ஓரமாக வைத்துவிட்டு, "ஆன்ட்டி, எங்க வலிக்குது? ஒரு விரலால காட்டுங்க" என்று மலாயில் கேட்டார். அத்தனை நாளில் அம்மாவை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அம்மா சில்லின் முன்பக்கத்தைச் சுற்றி விரலை ஓட்டினார்.

படுக்க வைத்து இரண்டு முழங்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வீக்கம் இருக்கிறதா என்று அமுக்கினார், மடக்கினார், மடக்கியபடியே திருகினார். மூட்டின் உள்பக்கம், பின்னால் ஓர் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, "இங்க?" என்றார். வலி இல்லை. பிறகு கட்டிலுக்கு ஏறும் சின்னப் படியிலிருந்து ஒற்றைக் காலால் மெதுவாக இறங்கச் சொன்னார். பாதி இறங்குவதற்குள் அம்மாவின் முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்து நடுங்கியது. "இந்த வலிதான்!" என்று அம்மா கத்தினார்.

அதற்குப் பிறகுதான் ஸ்கேன் அறிக்கையைப் படித்தார். கிழிசல் இருப்பது உண்மை என்றார். ஆனால் அது இருப்பது உள்பக்கம், பின்னால். அவர் கட்டைவிரல் வைத்து அழுத்திய அதே இடத்தில். அம்மாவுக்கு வலிப்பதோ முன்னால். "வலி வர்றதுக்கு முன்னாடி வேலையில ஏதாவது மாறுச்சா?" என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்து, தைப்பூசத்துக்கு முன்னால் மண்டோர் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி) தன்னை மேட்டுப் பக்கத்து மர நிரைக்கு மாற்றியதைச் சொன்னார். சாக்கோடு சரிவில் இறங்கி இறங்கி ஏற வேண்டும். வலிக்குக் காரணம் அதுதான் என்றார் டாக்டர். தாங்கும் அளவுக்கு மேல் திரும்பத் திரும்பச் சுமை விழுந்ததால் சில்லைச் சுற்றி வரும் வலி. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கால் அசையாமல் படுத்துக் கிடக்கிறது. அம்மாவுக்கு வலி வருவது உட்காரும்போதும் இறங்கும்போதும். மேட்டு நிரை எந்தப் படத்தில் தெரியும்?

இதையெல்லாம் பிறகு தேடிப் படித்தேன், படித்த பிறகு ஆத்திரம் கூடியது. அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் ஊரில் 50 வயதிலிருந்து 90 வயது வரை உள்ள 991 பேருக்கு முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுத்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். ஜவ்வு கிழிசல் இருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியே இல்லை. வயதாக ஆக முடி நரைப்பது மாதிரி ஜவ்வும் தேய்கிறது. 56 வயதுக்காரரைப் படம் எடுத்தால் ஏதாவது ஒன்று கிடைக்கத்தான் செய்யும், அதைக் காட்டிப் பயமுறுத்துவது சுலபம். ஃபின்லாந்தில் தேய்மானக் கிழிசல் உள்ள 146 பேரில் ஒரு பாதிக்கு உண்மையான துளை ஆபரேஷன் செய்தார்கள், மறு பாதிக்குச் செய்தது போல மட்டும் காட்டினார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அது 2013-இல் வெளிவந்தது. இத்தனை வருடம் கழித்தும் என் அம்மாவிடம் ஆபரேஷன் என்று சொல்ல அவர்களுக்கு எப்படி மனசு வந்தது?

எம்.ஆர்.ஐ.யைக் குறை சொல்லவில்லை. எக்ஸ்ரே மாதிரி அதில் கதிர்வீச்சும் கிடையாது. முழங்கால் மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நிமிராமல் போனாலோ, பந்து விளையாடும்போது திருகி உடனே வீங்கினாலோ ஸ்கேன் தேவைப்படலாம். நிறைய ஓடுபவர்களுக்கு எலும்பில் மெல்லிய விரிசல் வந்தால் முதல் சில வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் முதலில் ஒரு டாக்டர் கையால் தொட்டுப் பார்த்து, இன்ன சந்தேகம் இருக்கிறது, அதற்காகத்தான் இந்தப் படம் என்று சொல்ல வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று சொல்ல முடியாதவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

அம்மாவுக்குக் கொடுத்தது உடற்பயிற்சிதான். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் மெதுவாக எழுந்து உட்காருவது, ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, தாழ்வான படியில் ஏறி இறங்குவது. தொடையும் இடுப்பும் பலமானால் சில்லின் மேல் விழும் பாரம் குறையும் என்று பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோ விளக்கினார். மண்டோரிடம் பேசி அம்மாவைச் சமதரை நிரைக்கு மாற்றச் சொன்னோம், அவரும் மறுக்கவில்லை. முதல் மூன்று வாரம் பெரிய மாற்றம் இல்லை, அம்மா சலித்துக்கொண்டார். பத்தாவது வாரத்தில் சுவரைப் பிடிக்காமல் படி இறங்கினார். இப்போது வாரத்தில் நான்கு நாள் வேலைக்குப் போகிறார். முழுக்கக் குணமாகவில்லை, மழைக்காலத்தில் சரிவில் இறங்கினால் இன்னும் வலிக்கிறது.

முன்பணம் 500 வெள்ளியை மையம் திருப்பித் தரவில்லை. "சலுகை விலை, திருப்பித் தர முடியாது" என்று ஒரே பதில். தனியார் மருத்துவ நிலையங்களுக்கான 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோயாளிகள் புகார் செய்ய அவர்களிடம் முறையான ஏற்பாடு இருக்க வேண்டும். அதைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், நகல் சுகாதார அமைச்சுக்கும் போயிருக்கிறது. கோயில் தலைவரையும் பார்த்துப் பேசினேன். அடுத்த முகாமுக்கு மண்டபம் கேட்டு வந்தால், பரிசோதிக்கப் போவது பதிவு பெற்ற டாக்டரா என்று கேட்டுவிட்டுத்தான் சாவி கொடுப்போம் என்று சொல்லியிருக்கிறார்.

இதே முகாமில் சீட்டு வாங்கிப் பணம் கட்டியவர்கள் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து எனக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புங்கள். என் கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன்.