‘மெட்டபாலிசம் ஏற்றும்’ காப்ஸ்யூல் வாங்கி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

“சாப்பாட்டை மாற்ற வேண்டாம், உடற்பயிற்சி வேண்டாம், மெட்டபாலிசத்தை ஏற்றிவிடுகிறோம், பத்து நாளில் ஐந்து கிலோ, முழுக்க மூலிகை.” இப்படிச் சொல்லி வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்ஸ்டாகிராமிலும் ஜிம் கவுண்டர்களிலும் காப்ஸ்யூல் விற்கிறார்கள். மெட்டபாலிசம் என்று இவர்கள் சொல்வது உடல் கலோரியைச் செலவழிக்கும் வேகத்தை. வாங்கியவர்கள் அடுத்த வேளையை விழுங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். ஐந்து கிலோவுக்கு 38,500. பத்து நாளில் என்றால் நாளொன்றுக்கு 3,850. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் முழு நாள் செலவே 2,000 அளவில்தான் இருக்கும். அதில் 60 முதல் 70 சதவீதம் இதயம், மூளை, கல்லீரல், மூச்சு என்று படுத்தே கிடந்தாலும் போகிற செலவு. செரிமானத்துக்குச் சுமார் 10 சதவீதம். மிச்சம்தான் நடையும் வேலையும். வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டே ஐந்து கிலோ கொழுப்பைக் கரைக்க அந்தச் செலவு மூன்று மடங்கைத் தொட வேண்டும். ஒன்றுமே சாப்பிடாமல் பத்து நாள் கிடந்தாலும் இரண்டரை கிலோ கொழுப்புதான் போகும்.

ஆனாலும் எடை மெஷினில் குறைகிறதே என்பார்கள். குறையும். கல்லீரலிலும் தசையிலும் 400, 500 கிராம் கிளைகோஜன், அதாவது சேமித்து வைத்த சர்க்கரை, இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். காப்ஸ்யூலோடு “முதல் நான்கு நாள் மட்டும் சோறு, இட்லி, தோசை தவிர்க்கவும்” என்று ஒரு சீட்டு வருகிறதல்லவா, வேலை செய்வது அந்தச் சீட்டு. ஒன்றரை கிலோ தண்ணீர் இறங்கிவிடும், பழையபடி சோறு சாப்பிட்டதும் திரும்ப ஏறிவிடும். இதற்கு மேல் ஃப்ரூசமைடு போன்ற நீர் இறக்கும் மருந்தையோ பேதி மருந்தையோ கலந்தால் இன்னும் இறங்கும். பொட்டாசியமும் கூடவே போகும். கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, நெஞ்சு படபடப்பது எல்லாம் அதனால்தான். விற்பவர் இதற்குச் சொல்லும் விளக்கம்: “கொழுப்பு கரைகிறது, அப்படித்தான் இருக்கும்.”

‘மூலிகை’ காப்ஸ்யூல்களைப் பல நாட்டு ஆய்வகங்கள் சோதித்தபோது திரும்பத் திரும்ப அகப்பட்டது சிபுட்ரமின். பசியை அடக்கும், இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றும். இதய நோயாளிகளுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதால் 2010இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதைச் சந்தையிலிருந்து எடுத்தன. இந்தியா 2011இல் தடை செய்தது. அதோடு சேர்ந்தே வருவது ஃபீனால்ஃப்தலீன் என்ற பழைய பேதி மருந்து. காப்ஸ்யூல் தூளைச் சலவை சோடா கரைத்த நீரில் போட்டதும் அடர் ரோஜா நிறமானால் இது கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். நிறம் மாறாவிட்டால் நல்ல சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற எதையும் இந்தச் சோதனை காட்டாது.

“எனக்கு நிஜமாகவே உடல் சூடாகிறது, வியர்க்கிறது” என்பவர்கள்தான் அதிகம் கவலைப்பட வேண்டியவர்கள். உடலின் செலவை மாத்திரையால் உண்மையிலேயே கணிசமாக ஏற்ற முடியும். கலப்படத்தில் அதற்குப் பயன்படுவது இரண்டு.

ஒன்று, தைராய்டு ஹார்மோன். செலவு ஏறும், எடையும் குறையும். ஆனால் போவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும் எலும்பின் சுண்ணாம்பும் சேர்ந்தே போகும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கிழந்து துடிக்க ஆரம்பித்தால் இரத்தக்கட்டி, பக்கவாதம் வரை போகலாம். உடல் பருமனுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்ற கட்டமிட்ட எச்சரிக்கை அமெரிக்காவில் அந்த மாத்திரைகளின் விவரத்தாளிலேயே இருக்கிறது. கை நடுக்கம், தூக்கமின்மை, படபடப்பு இருந்தால் இரத்தப் பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச், தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 மூன்றையும் பாருங்கள். டிஎஸ்எச் மிகவும் இறங்கி, டி4 குறைந்து, டி3 மட்டும் ஏறியிருந்தால் வெளியிலிருந்து டி3 உள்ளே போகிறது என்ற சந்தேகம் வலுக்கும். முடி வளர பயோட்டின் சாப்பிடுபவர்கள் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்துங்கள். பல லேப் கருவிகளில் அது பொய்யான முடிவைத் தரும்.

இரண்டாவது டைநைட்ரோஃபீனால், சுருக்கமாக டிஎன்பி. செல்லின் எரிசக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியா புரோட்டான்களைச் சவ்வின் ஒரு பக்கம் அணைபோலத் தேக்குகிறது. அவை திரும்பிப் பாயும் விசையில்தான் செல் செலவழிக்கும் எரிசக்தியான ஏடிபி தயாராகிறது. டிஎன்பி அந்த அணையில் ஓட்டை போடுகிறது. எரிபொருள் எரிந்துகொண்டே இருக்கும், ஏடிபி கிடைக்காது, எல்லாம் சூடாக வெளியேறும். முதல் உலகப் போரில் பிரெஞ்சு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் காய்ச்சலில் வெந்து இறந்தது இதனால்தான். 1933இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் இதையே எடைக் குறைப்பு மருந்தாக அறிமுகப்படுத்தினார்கள். ஓராண்டிலேயே அமெரிக்காவில் சுமார் ஒரு லட்சம் பேர் சாப்பிட்டிருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். 1935க்குள் இளம்பெண்களுக்குக் கண்புரை வரத் தொடங்கியது. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டம் வந்ததும் மனிதர் உண்ணத் தகாதது என்று அதைத் தடுத்தார்கள். இணையம் வந்தபின் மறுபடி முளைத்திருக்கிறது. பிரிட்டனில் 2015இல் ஒரு மாணவி இறந்ததற்காக, விற்றவர் மரணம் விளைவித்த குற்றத்துக்குச் சிறை சென்றார். 2023 அக்டோபர் முதல் அங்கே அது கட்டுப்படுத்தப்பட்ட விஷப் பட்டியலில் இருக்கிறது.

இதில் ஆளைக் கொல்வது அவசரம். டிஎன்பி உடலை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். நேற்றைய அளவின்மேல் இன்றைய அளவு ஏறும். “இன்னும் ஒன்றும் தெரியவில்லையே” என்று கூடுதலாக ஒன்று போடுபவர்தான் மாட்டிக்கொள்கிறார். காப்ஸ்யூலுக்குள் மஞ்சள் நிறத் தூள், மஞ்சளாகப் போகும் சிறுநீர், துணியில் மஞ்சள் கறை, அடங்காத வியர்வை, மூச்சு வாங்கல் என்று கண்டால் வீட்டில் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். பாரசிட்டமால் பயன்படாது, மூளை கட்டளையிட்டு வந்த காய்ச்சல் இல்லை இது, ஒவ்வொரு செல்லும் கொதிப்பது. மாற்று மருந்தும் கிடையாது. ஐஸ், குளிர்ந்த சலைன், தீவிர சிகிச்சைப் பிரிவு, அவ்வளவுதான் இருக்கிறது. 108ஐக் கூப்பிட்டு, மீதி காப்ஸ்யூல்களையும் கையோடு கொண்டு போங்கள்.

இன்று நிரூபிக்கப்பட்ட மருந்துகள் எதுவும் ‘எரித்து’ வேலை செய்வதில்லை. ஊசியாகப் போடும் செமாக்ளூடைட், டிர்செபடைட் பசியைக் குறைக்கின்றன. ஆர்லிஸ்டாட் சாப்பிட்ட கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தைக் குடலில் ஏறவிடாமல் தடுக்கிறது. உடலோ எடை குறையக் குறையத் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அவர்களின் ஓய்வுநிலைச் செலவு எதிர்பார்த்ததைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. எடை மறுபடி ஏறினால் அதற்கு அவர்களுடைய மன உறுதியைக் குறை சொல்வது அநியாயம்.

இந்த ஊசிகளின் பெயரிலும் போலி வருகிறது. 2023இல் ஆஸ்திரியாவில் போலி செமாக்ளூடைட் போட்டுக்கொண்டவர்கள் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனை சேர்ந்தார்கள். உள்ளே இன்சுலின் இருந்ததாகவே சந்தேகம். எடைக்கான செமாக்ளூடைட் ஊசி வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு நான்கு வாரமாக ஏறும். முதல் வாரமே பெரிய அளவு போடச் சொல்பவரிடமும், பில்லும் பேட்ச் எண்ணும் தராதவரிடமும், குளிர்ப்பெட்டி இல்லாமல் கூரியரில் அனுப்புபவரிடமும் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் நிறுத்திவிட்டு பொட்டாசியம், தைராய்டு, ஈசிஜி பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் எழுதிய தைராய்டு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். டப்பா, மீதி காப்ஸ்யூல், பணம் அனுப்பிய ரசீது, உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் எதையும் எறியாதீர்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதே என்றால், அது உணவு உரிமம். மருந்தாக வேலை செய்யும் என்பதற்குச் சான்று இல்லை. பருமனைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். புகாரில் இதைக் குறிப்பிடுங்கள். மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். பணத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915. பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800-180-3024.