சுவிட்ச் தகராறுகள்: பல வருட வீட்டு அனுபவம்

ஒரே வீட்டில் நெடுநாள் இருந்தால் எந்த சுவிட்ச் எப்படிச் சத்தம் போடும் என்பது காதுக்குப் பழகிவிடும். நல்ல சுவிட்ச் 'டக்' என்று ஒரே ஒரு முறை சொல்லும், அவ்வளவுதான். அழுத்திய பிறகும் உள்ளே 'சர்ர்' என்று இழுத்தாலோ, லைட் நடுங்கி எரிந்தாலோ, அன்றைக்கே கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லைட் விட்டு விட்டு எரிந்தால் முதலில் பல்பைக் கழற்றி வேறு ஹோல்டரில் போட்டுப் பார்ப்பேன். அங்கே ஒழுங்காக எரிந்தால் ஹோல்டர், ஒயர், சுவிட்ச் இவற்றில்தான் கோளாறு. சுவிட்ச் பிளேட்டில் கை வைத்துப் பார்ப்பதும் உதவும். சூடு தெரிந்தாலோ, ஓரம் பழுப்பேறியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ அதை மறுபடி தொடக் கூடாது. நேராகப் போய் எம்.சி.பி.யை, அதாவது அந்த லைனின் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கரை, இறக்கிவிட வேண்டும்.

எங்கள் ஹால் போர்டை எலக்ட்ரீசியன் திறந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு ஒயரின் நுனியில் பிளாஸ்டிக் உறை சுருங்கிக் கறுத்திருந்தது. அதைப் பிடிக்க வேண்டிய ஸ்க்ரூ விரலாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. கரண்ட் போகும்போது கம்பி சூடாகி விரியும், நின்றதும் சுருங்கும். வருடக்கணக்கில் இது நடந்தால் பிடி தளர்கிறது. தளர்ந்த இடத்தில் கரண்டுக்கு எதிர்ப்பு (ரெசிஸ்டன்ஸ்) கூடி மேலும் சூடாகிறது. இந்த நிலையில் புது சுவிட்ச் மட்டும் மாட்டினால் அதுவும் சீக்கிரம் கருகிவிடும். அவர் கறுத்த பகுதியை வெட்டி, பளபளப்பான செம்பு தெரியும்வரை உறையைச் சீவி, இழைகளை முறுக்கி இரண்டாக மடித்து மாட்டினார். இறுக்கியபின் ஒயரை ஒருமுறை இழுத்தும் பார்த்தார். அப்புறம் அந்த போர்டில் பிரச்சினையே வரவில்லை.

எல்.இ.டி. வந்த பிறகு புதுத் தலைவலிகளும் வந்தன. சுவிட்சை அணைத்தும் பல்ப் மங்கலாக மினுங்கினால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். சுவிட்சில் இருக்கும் குட்டி இண்டிகேட்டர் விளக்கு வழியாகக் கசியும் கரண்ட் ஒன்று. இது பயப்படும்படி ஒன்றுமில்லை. மற்றது, சுவிட்சை ஃபேஸில் (கரண்ட் வரும் ஒயர்) வைக்காமல் நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் ஒயர்) வைத்துவிட்டது. இதை விடவே கூடாது, ஏனென்றால் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் இருக்கும், பல்ப் மாற்றும்போது ஷாக் அடிக்கலாம். இன்னொன்று, ஒரே சுவிட்சில் நிறைய எல்.இ.டி. விளக்குகளைக் கோத்தால், போடும் அந்தக் கணத்தில் பாயும் கரண்ட் அதிகம். அதில் உள்ளே இருக்கும் உலோக முனைகள் ஒட்டிக்கொண்டு லைட் அணையாமலே போகலாம்.

போர்டைத் திறக்கும்முன் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, எம்.சி.பி.யை இறக்க வேண்டும். கரண்ட் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்டரையும், கரண்ட் இருக்கும் வேறொரு பிளக்கில் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். பழகாதவர்கள் எலக்ட்ரீசியனையே கூப்பிடுங்கள்.

சுவிட்சின் பின்பக்கம் ஆம்பியர் அளவு போட்டிருக்கும், அதையும் பாருங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். எங்கள் வீட்டில் ஹீட்டர் இருந்தது 6 ஆம்பியர் சுவிட்சில். 16 ஆம்பியருக்கு மாற்றி, ஒயரையும் தடிமனாகப் போட்ட பிறகு அந்த பிளேட் சூடாவதே இல்லை.