புத்தகத்துக்கு வெப்சைட் செய்யப் போறீங்களோ? டொமைன் யாற்ற பேர்ல இருக்கு எண்டு முதல்ல பாருங்கோ

என்ர சிறுகதைத் தொகுப்பு 2022ல வந்தது, 300 பிரதி. பின்னட்டையில என்ர படத்துக்குக் கீழ ஒரு வெப்சைட் விலாசம் அச்சடிச்சிருக்கு, டொமைன் எண்டுறது அந்த விலாசத்தைத்தான். தயவு செய்து அதை ஒருத்தரும் திறக்காதீங்கோ. இப்ப அதில வாறது சூதாட்டம். போன கிழமை உப்புவெளியில இருந்து என்னட்டப் படிச்ச பிள்ளை ஒண்டு போன் எடுத்து, "ரீச்சர், உங்கட பேரை அடிச்சா காசு வைச்சு விளையாடுறதெல்லோ வருது, உங்களுக்குத் தெரியுமோ?" எண்டு கேட்டாள். அண்டைக்கு ராத்திரி நித்திரையே இல்லை.

சைட்டைச் செய்து தந்தது திருகோணமலை டவுனுக்குள்ள இருக்கிற ஒரு தம்பி, பேர் போட விரும்பேல்ல. 65,000 ரூபா, டொமைன், ஹோஸ்டிங் எண்டு சைட்டை வைக்கிற இடத்துக்கான வாடகை எல்லாம் சேத்து எண்டார். நான் கேட்டது என்னைப் பற்றி ஒரு பக்கம், புத்தக அட்டை, கொஞ்சக் கதை, வாங்க விரும்புறவை எழுதிக் கேக்க ஒரு இடம், அவ்வளவுதான். வேர்ட்பிரஸ் எண்ட சைட் செய்யிற மென்பொருளில செய்தவர், அது ஆருக்கும் சும்மா கிடைக்கிறது. பிறகு எஸ்எஸ்எல் எண்டு, சைட் பாதுகாப்பானது எண்டு விலாசத்துக்குப் பக்கத்தில காட்டுற அந்தப் பூட்டுப் படத்துக்கு இன்னும் 8,000 வாங்கினவர், லெட்ஸ் என்கிரிப்ட் எண்ட அமைப்பிட்ட அது இலவசம் எண்டு எனக்கு ஆர் சொல்ல.

கதையளை நான் பாமினி எண்ட பழைய எழுத்துருவில டைப் பண்ணி வைச்சிருந்தன், எங்கட வயசு ஆக்கள் கனபேர் அப்பிடித்தானே. அவர் அதை, எங்க ஒட்டினாலும் தமிழாவே வாற யூனிகோட்டுக்கு மாத்தாம அப்பிடியே ஒட்டி, பாமினி எழுத்துருவையும் சைட்டில ஏத்தி விட்டிட்டார். பாக்க வடிவாத்தான் இருந்தது. கனடாவில இருக்கிற மருமகன் ஒரு பந்தியை எடுத்து வொட்ஸ்அப்பில போட்டபோதுதான் விளங்கினது, அம்மா எண்டு நான் எழுதின இடத்தில ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, திரும்ப கே, எச் எண்டு கிடக்கு. கூகுளும் அதைத்தானே வாசிக்கும், என்ர கதையின்ர ஒரு வரியைத் தமிழில தேடினா எப்பிடி அம்பிடும்? மாத்தித் தாங்கோ எண்டு கேக்க 15,000 கேட்டார், குடுத்தன். ஒன்லைன்ல இருக்கிற இலவச மாற்றியில ஒட்டி ஒரு பட்டனை அமத்துற வேலை அது.

இதெல்லாம் போகட்டும், காசுதானே. என்னால பொறுக்க ஏலாதது டொமைன் விசயம்தான். ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்க எண்டு 18,000 பேங்கில போட்டு ஸ்லிப்பைப் படம் எடுத்து அனுப்புவன். 2024 செப்டம்பரிலயும் போட்டன், ஸ்லிப் இப்பவும் என்னட்ட இருக்கு. நவம்பர் கடைசியில சைட் திறக்கேல்ல. கேட்டா "சேர்வர் பிரச்சினை ரீச்சர், ரெண்டு நாள்ல வரும்" எண்டார். ரெண்டு நாள் ரெண்டு நாள் எண்டு மார்கழி முடிஞ்சு தைப்பொங்கலும் வந்திட்டுது, பேந்து போனே எடுக்கேல்ல.

மருமகன்தான் டொமைன் விதிகளைப் போடுற ஐகான் எண்ட அமைப்பின்ர லுக்கப் பக்கத்தில தேடிப் பாத்திட்டுச் சொன்னான், டொமைன் காலாவதி, புதுப்பிக்கவே இல்லை எண்டு. டொட் கொம் காலாவதியானா உடன ஒருத்தரும் பறிக்க ஏலாது, பதிஞ்ச கொம்பனி வழமையா கொஞ்சநாள் விட்டு வைக்கும், அதுக்குப் பிறகும் 30 நாளுக்குள்ள கூடின காசு கட்டி மீட்கலாம், பேந்து 5 நாளில அழிஞ்சு ஆரும் வாங்கலாம் எண்டு ஆகும். அந்த நாளெல்லாத்தையும் அவர் "சேர்வர் பிரச்சினை" எண்டு சொல்லியே போக்கினவர். நான் கொம்பனிக்கு நேர எழுதினன். அவையின்ர பதிவில என்ர பேரும் இல்லை, என்ர ஈமெயிலும் இல்லை, எல்லாம் அந்தத் தம்பியின்ரதான். என்ர பேர்தான் அந்த விலாசமே, ஆனா அது என்ர இல்லை. பழைய சைட்டுகளுக்கு வேற சைட்டுகளில இருந்து லிங்க் இருக்கிறதால, கூகுளில மேல வரும் எண்டு சூதாட்டக்காரர் காத்துக்கொண்டு நிண்டு வாங்குவினமாம்.

அதால காசு குடுக்க முதல் இதைக் கேளுங்கோ: டொமைன் என்ர பேர்லயும் என்ர ஈமெயில்லயும் பதியிறீங்களோ, அந்தக் கணக்கின்ர பாஸ்வேர்ட் என்னட்ட இருக்குமோ. ஓம் எண்டா உங்களுக்கு முன்னாலயே பதியச் சொல்லுங்கோ. பக்கத்தில இருந்து பாத்தா பத்து நிமிசம் போகாது. பேர் உங்கட எண்டா, ஆளை மாத்த வேண்டி வந்தாலும் டொமைனை வேற கொம்பனிக்கு மாத்துற டிரான்ஸ்பர் கோட்டைப் பதிஞ்ச கொம்பனியிட்ட நீங்களே கேக்கலாம், 5 நாளுக்குள்ள தரவேணும் எண்டு ஐகான் விதி இருக்கு. இலங்கைக்கான டொட் எல்கே எண்டா எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியிலயே நேர எடுக்கலாம், டொட் இலங்கை எண்டு தமிழிலயும் குடுக்கினம். காலாவதித் திகதியைக் கலண்டரில எழுதி வையுங்கோ, நான் எழுதேல்ல.

பழைய சைட்டுகளைச் சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷின்ல கதையள் கொஞ்சம் அம்பிட்டுது, 14ல 11. மிச்சம் மூண்டையும் பழைய கொம்பியூட்டரில தேடிக்கொண்டிருக்கிறன். வித்துப்படாமல் இருக்கிற 90 பிரதியின்ர பின்னட்டையிலயும் ஸ்டிக்கர் ஒட்டி முடிச்சிட்டன். வெளியீட்டில வாங்கினவை, பள்ளிக்கூட லைபிரரியளுக்கு வாங்கிக் குடுத்தவை இருந்தா, அந்த விலாசத்தைக் கறுப்புப் பேனையால அடிச்சு விடுங்கோ, பிள்ளையள் திறக்கக்கூடாது.