வளவு வீட்டில் ஏர் பியூரிஃபையர்: இரண்டு கோடைகளில் கண்டது

காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் மாசி பிறந்தால் புகையும் வந்துவிடும். கண்மாய் வற்றி, உள்வாயில் காய்ந்து நிற்கும் கோரையும் புல்லும் ஏதோவொரு பிற்பகலில் பற்றிக்கொள்ளும். தைலமரத் தோப்பில் சருகு எரியும். அந்த இலையில் எண்ணெய் இருப்பதால் தீ சட்டென்று பரவும். இவற்றோடு, சீமைக்கருவேலம் வெட்டிப் போட்ட கரிமூட்டங்களும் நாள்கணக்கில் புகையும். என் அப்பத்தாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது, மூச்சிழுப்பும் உண்டு. அவருக்காகத்தான் சென்ற ஆண்டு பங்குனியில் 11,500 ரூபாய்க்கு ஓர் ஏர் பியூரிஃபையரும், காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் கையடக்க மீட்டர் ஒன்றும் வாங்கினேன். ஏறக்குறைய இதே அமைப்புள்ள கருவிகள் பல பெயர்களில் விற்கப்படுவதால், நிறுவனத்தின் பெயரைவிட எதைப் பார்த்து வாங்குவது என்பதே முக்கியம் என்று கருதி, அதையே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறு. கருவியைப் பெரிய கூடமான பட்டாலையில் வைத்து ஓட்டினேன். எங்கள் வீடுகள் வெக்கையை வெளியேற்றக் கட்டப்பட்டவை. முகப்பில் நுழையும் காற்று வளவின், அதாவது நடுமுற்றத்தின், திறந்தவெளி வழியாக மேலேறிப் போகும். பகலில் இந்த அமைப்புக்கு ஈடில்லை. இரவில் நிலைமை மாறுகிறது. பொழுது சாய்ந்ததும் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேலெழும்பாமல் தங்கிவிடுவதால், புகையும் அதனுடன் தாழ்ந்து படிந்து வளவுக்குள் இறங்கி நிற்கிறது. எங்கள் பட்டாலை 40 அடி நீளம், 20 அடி அகலம், 16 அடி உயரம். அதாவது 360 கன மீட்டருக்கு மேல். கருவியோ மணிக்கு 250 கன மீட்டர் சுத்தமான காற்றைத்தான் தரும். ஒரு மணி நேரம் ஓடியும் அந்தக் கூடத்தின் காற்றை ஒருமுறைகூட முழுதாகச் சுத்தம் செய்ய இயலாது, வளவிலிருந்து புதுப் புகையும் வந்துகொண்டே இருக்கும். மீட்டரில் எண் அசையவே இல்லை.

அதன்பின் உள்வீட்டு அறை ஒன்றுக்கு மாற்றினோம். 12 அடிக்கு 10 அடி, உயரம் 12 அடி. சுமார் 41 கன மீட்டர். அங்கே மணிக்கு ஆறு முறை காற்று முழுதாக வடிகட்டப்படும். வாங்க நினைப்பவர்கள் அறையின் தரைப் பரப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சதுர அடிக் கணக்கு தாழ்வான கூரையுள்ள அடுக்ககங்களுக்குப் பொருந்துமே தவிர, நம் வீட்டு உயரங்களுக்குப் பொருந்தாது.

சித்திரையில் ஓர் இரவு கண்மாய்க்கு அப்பாலிருந்த தோப்பு எரிந்தது. ஒன்பது மணிக்கு வளவில் மீட்டர் 190 காட்டியது. இது ஒரு கன மீட்டர் காற்றில் 2.5 மைக்ரான் அளவுக்கு உட்பட்ட துகள்கள் எத்தனை மைக்ரோகிராம் என்னும் கணக்கு. நம் நாட்டுத் தரநிலை 24 மணி நேரச் சராசரிக்கு 60 என்கிறது. உலக சுகாதார அமைப்பு 2021இல் வகுத்த வழிகாட்டுதல் 15 என்கிறது. உள்வீட்டு அறையில் அப்போது 160 இருந்தது. சன்னல்களைச் சாத்தி, பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து கதவுக்கும் நிலைக்கும் இடையிலிருந்த சந்தில் திணித்து, கருவியை முழு வேகத்தில் வைத்தோம். நாற்பது நிமிடத்தில் 28. துணி வைக்காமல் இன்னொரு நாள் பார்த்தபோது 45க்குக் கீழே இறங்கவில்லை. “எல்லாத்தையும் சாத்திப்புட்டா காத்து எங்கேருந்துப்பா வரும்?” என்று அப்பத்தா கேட்டார்கள். நியாயமான கேள்வி. கருவி காற்றை வடிகட்டுமே தவிரப் புதுக் காற்றைக் கொண்டுவராது. ஆகவே காலையில் வெயில் ஏறிப் புகை கலைந்து, வெளியில் எண் குறைந்ததும் கதவைத் திறந்துவிடுகிறோம். தோப்பு எரிந்த அன்றிரவு அப்பத்தா இடையில் எழுந்து உட்காராமல் தூங்கினார்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இனி குறைகள். கருவியிலேயே உள்ள உணரியை நம்பித் தானியங்கி முறையில் விட்டால், தன்னைச் சுற்றியுள்ள காற்று சுத்தமானதும் பச்சை விளக்கைக் காட்டி வேகத்தைக் குறைத்துவிடுகிறது. அதே நேரத்தில் கட்டிலருகே என் மீட்டர் 60 காட்டியது. புகை நாளில் வேகத்தை நாமே வைப்பதுதான் சரி. அயனி வெளியிடும் பொத்தான் ஒன்றும் இருக்கிறது. அத்தகைய அமைப்புகளிலிருந்து ஓசோன் உண்டாகக்கூடும் என்பதால் இழுப்பு உள்ளவர் அறையில் அதை நான் போடுவதே இல்லை. இதிலுள்ள எச்13 வகை ஹெப்பா வடிகட்டி (நுண்துகளைப் பிடிக்கும் மடிப்புத் தாள்) துகளைப் பிடிக்குமே தவிர வாயுவைப் பிடிக்காது. நெடியை உறிஞ்சுவதற்காக உடன் வரும் கரி பூசிய தாள் மிக மெல்லியது. மூன்றாவது வாரத்திலேயே புகை நெடி மீண்டும் வரத் தொடங்கிவிட்டது. கார்பன் மோனாக்சைடை இந்தக் கருவி அகற்றாது, ஆகையால் மூடிய அறைக்குள் கரியடுப்போ கணப்போ வைத்துக்கொண்டு இதை நம்பி இருந்துவிடவே கூடாது.

எல்லாவற்றிலும் எனக்கு ஆற்றாமை தந்தது மாற்று வடிகட்டிதான். வெண்மையாக இருந்த மடிப்புகள் இரண்டே மாதத்தில் வறுத்த மல்லிப்பொடி நிறத்துக்கு வந்துவிட்டன. 2,400 ரூபாய் கட்டியும் புதியது வந்து சேர மூன்று வாரமாயிற்று. கேட்டபோதெல்லாம் “இருப்பு இல்லை” என்ற ஒரே பதில். புகைக்காலத்தில் மூன்று வாரம் என்பது சிறிய காலம் அன்று. மின்சாரம் பற்றிக் கவலை வேண்டியதில்லை. முழு வேகத்தில் 45 வாட் என்பதால் இன்வெர்ட்டரிலேயே ஓடுகிறது. ஓசை மட்டும் மேசை மின்விசிறியைவிடச் சற்றுக் கூடுதல்.

மீட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் இதையே முதலில் வாங்கச் சொல்வேன். எங்கள் ஊரில் காற்றை அளக்கும் அரசு நிலையம் கிடையாது. நெடி குறைந்ததும் புகை போய்விட்டது என்றே நினைத்துக்கொள்வோம், ஆனால் நெடி அடங்கிய பிறகும் எண் 100க்கு மேல் நின்றதைப் பல இரவுகளில் பார்த்தேன். துகளின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறும் ஒளியைக் கொண்டு கணக்கிடும் கருவி என்பதால், பனி மூட்டமான விடியலில் ஈரத்தையும் துகளாக எண்ணிக் கூட்டிக் காட்டும். விறகுப் புகையிலும் சற்று மிகைப்படுத்தும். பணியாரம் சுடும்போது அடுக்களைப் பக்கம் வைத்தால் 300ஐத் தொடும். துல்லியமான எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க இது நன்றாகவே உதவுகிறது.

வீட்டில் முதியவரோ, கைக்குழந்தையோ, இழுப்பு உள்ளவரோ இருந்து, நன்றாகச் சாத்தக்கூடிய சிறிய அறை ஒன்றும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். வீடு முழுவதற்கும் என்று எண்ணி வாங்க வேண்டாம். கருவியோடு மாற்று வடிகட்டி ஒன்றையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். இந்த ஆண்டு நான் அதைத் தையிலேயே வாங்கி, உறை பிரிக்காமல் பெட்டகத்தில் வைத்திருந்தேன், மாசி பதினைந்துக்குள் அது தேவைப்பட்டுவிட்டது.